நாலு மணிக்கு வந்தவள்

சரணாலயத்தின் ஏரிக்கரையில் இருந்த கலைஞர்கள் விடுதியில் எட்டுப் பேர் வேனிலிருந்து இறங்கினார்கள். எட்டுப் பேருக்குப் பதினேழு லென்ஸ். அதில் ஆறு அக்காவினுடையவை. கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கிறவள். பறவை என்றால் பைத்தியம். அவளுடைய தங்கை மட்டும் கேமரா இல்லாமல் தூரிகைப் பெட்டியோடு வந்திருந்தாள்.

இருவரும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவின் உயிர் பிரிந்த மத்தியானம் அக்கா ஏதோ ஒரு காட்டில், போனை அணைத்துவிட்டு, ஒரு பறவைக்காகக் காத்துக் கிடந்தாள். தங்கையால் அதை மன்னிக்கவே முடியவில்லை. அக்கா கெஞ்சிக் கூத்தாடி அவளை இங்கே அழைத்து வந்ததே எப்படியாவது சமாதானம் ஆகத்தான்.

எதிர்க்கரையில், நாணலுக்கு நடுவே ஒரு மரக்கூண்டு இருந்தது. ஒளிந்திருந்து படமெடுக்க ஒரு முக்காலி, ஒரு துவாரம். சரணாலயக் காவலர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேரா உள்ள போங்க. ஒருத்தர் மட்டும் திரும்பி வந்துடணும். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆள் போயாச்சுன்னு நம்பி கிட்ட வரும். தனியா மட்டும் போகாதீங்க."

"தனியாப் போனா?"

"அப்பவும் ஒருத்தர் வெளிய வருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை தங்கையே வாய் திறந்தாள். "நாலு மணிக்கு வராந்தாவுல வந்து உக்காரு. உன்னை வரையணும்."

"கண்டிப்பா வரேன்டி."

"பாக்கலாம்."

ஆனாலும் மூன்று மணிக்கு அக்காவுக்குப் படமெடுக்கக் கை அரித்தது. சாப்பிட்ட மயக்கத்தில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கையைத் துணைக்குக் கூப்பிட்டால் வம்பு. அரை மணி நேரம்தானே என்று தனியாகவே கிளம்பினாள்.

கூண்டுக்குள் ஈர மரத்தின் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்த இடத்தில் வருவது.

வழக்கமாக ஒரு மணி நேரம் காக்க வைக்கும் மீன்கொத்தி, இரண்டே நிமிடத்தில் வந்து துவாரத்தின் விளிம்பில் அமர்ந்தது. கையெட்டும் தூரம். அவள் மளமளவென்று படமெடுத்தாள். ஒரு தடவை அடக்க முடியாமல் இருமினாள்.

பறவை அசையவில்லை.

சந்தேகத்தோடு விரலை நீட்டினாள். அதன் மார்பு இறகைத் தொட்டாள்.

அப்போதும் அசையவில்லை.

ஆள் போய்விட்டது என்று அது நம்பிக்கொண்டிருந்தது.

மணி மூன்றே முக்கால். எழுந்து கதவைத் தள்ளினாள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. துவாரத்தின் வழியே பார்த்தாள்.

கரையோரப் பாதையில் ஒரு பெண் விடுதியை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தாள். அக்கா போட்டிருந்த அதே பச்சைச் சட்டை. வலது தோள் வலிப்பதால் இடது தோளில் பை. அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்த நடை.

தன் நடையைத் தானே பின்னாலிருந்து பார்ப்பது எவ்வளவு பயங்கரம் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கத்தினாள். தங்கையைச் செல்லப் பெயர் சொல்லிக் கத்தினாள். கதவை உதைத்தாள். மீன்கொத்தி நிதானமாகச் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

பெரிய லென்ஸை வராந்தாவின் பக்கம் திருப்பினாள். தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்கார்ந்தாள். தங்கை குனிந்து அவளுடைய நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

வந்தவள் மெல்லத் தலையைத் திருப்பி, நேராக லென்ஸுக்குள் பார்த்தாள்.

ஏரி அசைவற்றுக் கிடந்தது. தங்கையின் குரல் தண்ணீரின் மேல் தெளிவாக மிதந்து வந்தது. இரண்டு வருடமாக அக்கா கேட்கத் தவித்த, கோபமே இல்லாத குரல்.

"பரவால்லியே அக்கா. இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்துட்டே."