ஈரம் படாத இடம்

"ஜூலி, உன்னைய ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க மதினி."

"இப்ப வேணாம். நேரம் வரட்டும்."

ஏழு வருடங்களில் மூன்று முறை இந்தப் பேச்சு நடந்திருந்தது. மூன்று முறையும் குளியலறை வாசலில்தான். கணவனின் அக்கா தெரேசா ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு நிற்பாள். எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விடுவாள். காய்ச்சலில் அவள் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியும், அது என்ன கேள்வி என்று ஜூலியானாவுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அவளுக்கு மதினியின் நினைவு வந்ததற்குக் காரணம் குளியலறைத் தரை. ஒரு வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தாள். சிமெண்டு கறுத்து நனைந்தது. நடுவில் மட்டும் இரண்டு பட்டைகள், கையகலத்தில், அருகருகே, வெளுத்துக் காய்ந்து கிடந்தன.

எண்ணெய்ப் பிசுக்கு, என்று சொல்லிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

காலையில் துறைமுக அலுவலகத்துக்குக் கிளம்பும்போதே கணவன் ஆரோக்கியநாதன் தடுத்துப் பார்த்தான்.

"அக்கா சாமான் அப்படியே இருக்கட்டும்லா. இப்ப என்ன அவசரம்?"

"பிள்ளைய எத்தனை நாளுக்கு அடுப்படியில பேசின்ல வச்சுக் குளிப்பாட்டுறது? நாளைக்குப் பக்கத்து வீட்டு நவமணி அக்கா குளிப்பாட்ட வர்றாங்க. கால நீட்டி உக்கார அங்க எடம் இருக்கா?"

"என்னைய வளத்தவங்க ஜூலி அவங்க."

"தெரியுங்க. அந்தக் காலி பாட்டிலுங்களா வளத்துச்சு?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்தால் சம்மதித்தான் என்று பொருள்.

அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, தைப்பிங்கிலிருந்து அவள் ரயிலேறி வந்து மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. பெர்னார்டுக்கு ஐம்பது நாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவன். அத்தனை வருடமும் மதினியின் சாமான்களுக்கு நடுவே முழங்கைகளை இடுக்கிக்கொண்டே குளித்தவள் அவள். மகன் அப்படிக் குளிக்கப் போவதில்லை.

வீட்டின் கடைசியில் இருந்த அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியே மழைநாளின் சாம்பல் வெளிச்சம் இறங்கி, டிராகன் படம் போட்ட பெரிய தண்ணீர்ச் சாடியின் விளிம்பில் நின்றுவிடும். அதற்கப்பால் பாசியும் பழைய சீயக்காயும் மணக்கும் இருட்டு. கைகளாலேயே தேடித்தேடி எடுத்தாள்: எண்ணெய் காய்ந்த புட்டிகள், தேய்ந்த சவர்க்காரத் துண்டுகள் நிறைந்த பிஸ்கட் டின், பல் போன சீப்புகள், கைப்பிடி இல்லாத குவளைகள். கடைசியாக, மதினி உட்கார்ந்து குளித்த மணைக்கட்டை. எல்லாவற்றையும் பின்சந்தில் அடுக்கினாள்.

மதில் சுவருக்கு மேல் நவமணியின் தலை தெரிந்தது. "என்னடி, வீடு மாத்துறீங்களா?"

"குளிக்கிற அறைய மட்டும்க்கா."

"உன் மதினி வந்து கேக்கப் போறாங்க பாரு!"

"கேக்கட்டும். ஏழு வருசமா கேக்கறேன் கேக்கறேன்னுதான் சொன்னாங்க."

இருவரும் சிரித்தார்கள். மழை வலுத்தது. நவமணியின் தலை மறைந்தது.

சாடிக்குப் பின்னால் இன்னும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் இருந்தது. வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தாள். உள்ளே உள்ளங்கையளவு பித்தளைக் கிண்ணம், வசம்பு, சாம்பிராணி, பயற்றமாவுப் பொட்டலம், விளக்கெண்ணெய்ப் புட்டி. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, ஓரம் தைத்து, மடித்து வைத்த சின்னஞ்சிறு துண்டுகள். ஜூலியானா எண்ணிப் பார்த்தாள். ஏழு. வருடத்துக்கு ஒன்று.

எல்லாம் பிள்ளையைக் குளிப்பாட்டச் சேர்த்து வைத்த சாமான். மதினியின் கேள்வி இப்போது புரிந்தது. பாவம் மதினி, என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பிறகு பொட்டலத்தை முகர்ந்தாள். பதினான்கு மாதப் பயற்றமாவு வண்டு பிடித்திருக்க வேண்டும். இது இன்று அரைத்தது போல மணத்தது. புட்டியின் தக்கை ஈரமாக இருந்தது. புட்டியில் கால்வாசி குறைந்திருந்தது.

திரும்பினாள்.

மணைக்கட்டை தரையில் இருந்தது. அவளே வெளியே வைத்த மணைக்கட்டை. அதிலிருந்துதான் அந்த இரண்டு பட்டைகளும் தொடங்கின. நேராக நீண்டு, முடியும் இடத்தில் சற்றே அகன்றிருந்தன.

குவளையை முக்கி ஊற்றினாள். தண்ணீர் ஓடிவந்து, பட்டைகளின் ஓரத்தில் எதிலோ முட்டியதுபோல் மேலெழும்பி, இரண்டு பக்கமும் பிரிந்து வடிந்தது. குனிந்து காய்ந்த இடத்தைத் தொட்டாள்.

சூடு. உடம்புச் சூடு.

உள்ளறையில் பெர்னார்ட் வீறிட்டான்.

ஓடினாள். தொட்டிலிலிருந்து வாரி எடுத்தாள். கன்னத்தோடு அணைத்தபோது கன்னம் வழுக்கியது. குழந்தையின் உச்சி முழுக்க விளக்கெண்ணெய். யாரோ பதமாகத் தேய்த்திருந்தார்கள். காதுமடல் வரைக்கும்.

வாசற்கதவு திறந்தே கிடந்தது. தெருவில் ரிக்‌ஷா மணி கேட்டது. பத்தடி நடந்தால் நவமணியின் வீடு. அவள் கால் ஒருமுறை அந்தப் பக்கம் போனது. நின்றது. இன்றைக்கு ஓடலாம். நாளைக்கு? ஒவ்வொரு நாளும் இவன் உறங்கும்போது?

குழந்தையைத் தோளில் இறுக்கிக்கொண்டு குளியலறை வாசலுக்கே திரும்பி வந்தாள்.

"மதினி." மறுபடியும் சொன்னாள். "மதினி! இது என் வீடு. இவன் என் பிள்ளை. உங்களுக்குப் பயந்து நான் எங்கயும் போகப்போறதில்ல. கேக்க வந்தத இன்னைக்கே கேளுங்க. முடியாதுன்னு என் வாயால சொல்றேன். கேட்டுட்டுப் போயிருங்க."

மழை ஓய்ந்தது. ஒரு சொட்டும் இல்லை.

பச்சைத் தண்ணீர்ச் சாடியிலிருந்து ஆவி எழுந்தது. இளஞ்சூடு. பிள்ளைக்கேற்ற சூடு. குவளை தானாகச் சாய்ந்தது. நிறைந்தது. மேலே வந்து, அந்தரத்தில் நின்றது.

பெர்னார்ட் அழுகையை நிறுத்தினான். மணைக்கட்டைக்கு மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தான். சிரித்தான்.

ஜூலியானா பின்வாங்கவில்லை. கைகளை இறுக்கினாள்.

ஈரத் தரையில் காய்ந்த பட்டைகள் இரண்டும் மெல்ல நகர்ந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடைவெளியே இல்லாமல்.

"நேரம் வந்துருச்சு ஜூலி. பிள்ளைய என் கால்ல போடு."