உஸைருக்குக் கிடைத்த பரங்கிக்காய்

ஷார்ஜாவில் மழை பெய்தால் பாதி ஊர் ஜன்னலில் வந்து நிற்கும். அன்று ரம்ஸியாவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. உக்ரைன் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு நடத்தும் கூடத்தில், அந்த நாட்டுக் கல்யாணப் பாட்டுகளைப் பற்றி அவர்கள் மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே அதுதான். காயல்பட்டினத்துப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

மேசைமேல் சிவப்பு நூலில் பூவேலை செய்த நீளமான துவாலை கிடந்தது. அங்கே பெண் கேட்டு வருகிறவர்களுக்கு அந்தத் துவாலையைக் கொடுத்தால் சம்மதம். பரங்கிக்காயைக் கொடுத்தால்... நடையைக் கட்ட வேண்டியதுதான். பரங்கிக்காயோடு திரும்பியவனின் பாட்டை அவள் பாட ஆரம்பித்தாள். கடைசி வரிசையில் ஒருவன் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான்.

என்ன திமிர்!

கூட்டம் முடிந்து வந்தால், வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறான். போனில், “டாக்ஸி கிடைக்கலடா” என்று தமிழ் பேசினான். நல்லதாகப் போயிற்று.

“பாட்டு பிடிக்கலன்னா முடியற வரைக்கும் பொறுக்க முடியாதா?”

அவன் திரும்பினான். பெரிய கண்கள்... சிவந்து கலங்கியிருந்தன.

“பிடிக்காம போகலங்க. அதைச் சொல்லிக்கொடுத்த டீச்சர் இப்ப இல்ல. கார்கிவ்ல... குண்டு விழுந்த கட்டடத்துல இருந்தாங்க. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் அந்தப் பாட்டைக் கேட்டேன்.”

ரம்ஸியாவின் கோபம் இறங்கிவிட்டது. “மன்னிச்சுக்கங்க...”

“சே, நல்லாத்தான் பாடினீங்க. ரெண்டாவது அடியில மட்டும் ராகம் கொஞ்சம் தப்பு.”

“அழுதுக்கிட்டே தப்பு கண்டுபிடிச்சீங்களாக்கும்?”

அவன் சிரித்துவிட்டான். பாவி, சிரித்தால் இன்னும் அழகாக இருந்தான்.

பெயர் உஸைர், சொந்த ஊர் கீழக்கரை. டாக்டருக்குப் படிக்கப் போன இடத்தில் உக்ரைன் இலக்கியத்தில் மயங்கி, மருத்துவத்தை விட்டுவிட்டு அதையே படித்தவன். போர் வந்து ஆய்வு பாதியில் நின்றது. இப்போது ரோலா கடைத்தெருவில் மாமா கடையில் அத்தர் விற்கிறான். டீச்சர் கிராமம் கிராமமாக அலைந்து பதிவு செய்த பாட்டுகள் அவனிடம் இருந்தன. தனியாகக் கேட்கத்தான் தைரியம் இல்லை.

“சேர்ந்து கேட்போமா?” என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். எதிர் சோபாவில் காவலுக்கு உம்மா ஜுலைஹா பீவி. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. பாடுகிற கிழவியின் குரலுக்கு நடுவே டீச்சர் இருமுவது கேட்டால் போதும், உஸைர் நிறுத்திவிடுவான். ரம்ஸியா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் காத்திருப்பாள். அப்படிக் காத்திருந்ததிலேயே அவள் மனசு அவனிடம் போய்விட்டது.

திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஒரு போன்கூட இல்லை. நானா முதலில் கூப்பிடுவேன்... மாட்டவே மாட்டேன் என்று வீம்பாக இருந்தாள். ஆனால் பாட்டுகளைத் தொடவும் பிடிக்கவில்லை.

“உஸைர் தம்பி ஏன்டி வரல?” என்றாள் உம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. “வாப்பா குவைத்லேருந்து சரின்னு சொல்லிட்டாங்க. சொல்லலாம்னா ஆளையே காணோம்.”

“எதுக்குச் சரின்னாங்க?”

“அன்னைக்கு நீ உள்ள இருந்தப்ப தம்பி கேட்டுச்சு, ‘எங்க உம்மாவை உங்ககிட்ட பேசச் சொல்லட்டுமா’ன்னு. வாப்பாவைக் கேக்காம நான் என்னத்தச் சொல்ல? பாக்கலாம்னேன். வெறுங்கையோட அனுப்பக்கூடாதேன்னு ஊர்லேருந்து வந்த பரங்கிக்காயைக் கொடுத்தேன்.”

“உம்மா! பரங்கிக்காயா?”

“ஏன், நல்ல காய்தானே?”

“நாங்க பேசறதையெல்லாம் எதிர்லயே உக்காந்து கேட்டீங்களே!”

“நான் எங்கடி கேட்டேன்... காதுல போனை மாட்டிக்கிட்டு மார்க்க பயானுல்ல கேட்டுக்கிட்டிருந்தேன்!”

ரம்ஸியா உள்ளே விரைந்தாள். அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் ஓடினாள்.

உஸைர் கடை வாசலில் பெட்டியோடு நின்றிருந்தான்.

“சவுதிக்கு, தம்மாம் போறேங்க. அங்க எங்க சாச்சா கடையில ஆள் வேணுமாம்.”

“டீச்சர் பாட்டெல்லாம்?”

“உங்ககிட்டயே இருக்கட்டும்.” அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

உள்ளே, அத்தர் புட்டிகளுக்கு நடுவே, முழுசாக அந்தப் பரங்கிக்காய்.

“ஏன் சமைக்கல?”

“உங்க வீட்டு பதிலாச்சே... அறுக்க மனசு வரல.”

“ஐயோ, அது பதில் இல்லங்க, வெறும் காய்! எங்க உம்மாவுக்கு உக்ரைன் எல்லாம் தெரியாது. தாளிச்சாதான் தெரியும்!”

அவன் சிரிக்கவில்லை. நம்பப் பயந்தவன் போல நின்றான். அவள் பையிலிருந்து அந்தத் துவாலையைச் சுருட்டியபடியே எடுத்தாள்.

“முழுக்க நனைஞ்சிருக்கீங்க... முதல்ல துவட்டிக்கங்க” என்றான்.

“துவட்டறதுக்கு இல்ல...” அவள் அதை விரித்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். “வாப்பா சரின்னுட்டாங்க. என்கிட்டதான் யாரும் கேக்கல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போகாதீங்க.”

சிவப்புப் பூக்களை அப்போதுதான் பார்த்தான். இரண்டு கையாலும் வாங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

“டீச்சர் இருந்திருந்தா...”

அவள் காத்திருந்தாள், எப்போதும் போல.

“துவாலை கிடைச்சவன் பாட்டு எதுவும் இருக்கா அவங்க பதிவுல?” என்று மெல்லக் கேட்டாள்.

“இருக்கு.” கண்ணைத் துடைத்தான். “அதை நான் இன்னும் திறக்கவே இல்ல.”

பெட்டியை உருட்டிக்கொண்டு திரும்பக் கடைக்குள் போனான்.