தலைவலியைத் திருடியவர்

"திருடு போச்சுன்னு சொல்றதா, வேற என்னன்னு சொல்றதுன்னே தெரியல," என்றபடி நாச்சியம்மை ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். "என் பைனாகுலரை யாரோ எடுத்துக்கிட்டு, அதைவிட நல்லதா ஒண்ணை உறைக்குள்ள வச்சுட்டாக."

வெங்கட்ராமனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். வங்கி மேலாளராக ஓய்வு பெற்று, வீட்டில் பொழுது போகாமல், காரைக்குடி செக்காலை ரோட்டு மாடியில் சௌபர்ணிகா நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார் அவர். சௌபர்ணிகா அவரைவிட இருபது வயது இளையவர். எதற்கும் பதற மாட்டார். வெங்கட்ராமன் எல்லாவற்றுக்கும் பதறுவார். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"முதல்லேருந்து சொல்லுங்க ஆச்சி," என்றார் சௌபர்ணிகா.

ஆச்சி கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மழைக்காலம் முடிந்தால் ஞாயிறுதோறும் வேட்டங்குடிக் கண்மாய்க்குப் பறவை பார்க்கப் போகும் நாலு பேரில் ஒருவர். நாலு பேருக்கும் ஒரே மாடலில், விலை குறைந்த பைனாகுலர்களை ஒன்றாக வாங்கியிருந்தார்கள்.

"எனக்கு வந்தது மட்டும் சரியில்ல. கொஞ்ச நேரம் பாத்தாலே நெத்திப்பொட்டு விண்ணுனு தெறிக்கும். வயசாச்சு, நம்ம கண்ணுதான் கோளாறுன்னு இருந்துட்டேன். போன ஞாயிறு டீ குடிக்கையில உறையோட பெஞ்சுல வச்சுட்டு எந்திரிச்சுப் போனேன். திரும்பி வந்து பாத்தா வலது கண்ணு மட்டும் மங்கலாத் தெரிஞ்சுது. அந்தப் பக்கத்து வளையத்தைத் திருகினேன். அவ்வளவுதான், நாரையெல்லாம் குளிச்சுட்டு வந்து நின்ன மாதிரி ஆயிருச்சு. தலைவலி கிட்டவே வரல."

"நல்லதுதானே?" என்றார் வெங்கட்ராமன்.

"எப்படி நல்லது? என் தலைவலியை இப்ப வேற யாரோ சுமக்குறாகல்ல? அது யாருன்னு தெரியாம இதைக் கண்ணுல வைக்க எனக்கு மனசு வரல."

சௌபர்ணிகா பைனாகுலரை வாங்கி, கை நீட்டி, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கண் வைக்கும் பக்கம் இரண்டு சின்ன ஒளிவட்டங்கள் தெரிந்தன. ஓரம் வெட்டுப்படாத முழு வட்டங்கள். பிறகு தெருவுக்கு அந்தப்புறம் போகும் மின்கம்பியைப் பார்த்தபடி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல மெல்ல விலக்கினார்.

"கம்பி உடையல. ரெண்டு குழல்லயும் ஒரே மட்டத்துல போகுது. நீங்களும் பாருங்க சார்."

வெங்கட்ராமன் பார்த்தார். ஒரே நேர்கோடு.

"விலை குறைஞ்சதுல இதுதான் சிக்கல். மாடல் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு நல்லாப் பொருந்தி வரும், இன்னொண்ணுல உள்ளே இருக்கிற பட்டகக் கண்ணாடி மயிரிழை நகர்ந்திருக்கும். அப்ப ரெண்டு குழலும் ஒரே இடத்தைப் பாக்காது. ரெண்டு படத்தையும் கண்ணுதான் இழுத்துப் பிடிச்சுச் சேத்து வைக்கணும். அதான் தலைவலி. அது தானாச் சரியாகாது. ஆச்சி சொல்றது சரி, இது வேற ஒருத்தரோடது."

"அப்ப மத்த மூணையும் வாங்கிக் கம்பியைப் பாத்துட்டா முடிஞ்சுதே!"

"முடியும். ஆனா யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஒரு நல்ல காரியம் செஞ்சவங்களை, எல்லார் முன்னாலயும் நிறுத்திச் சோதனை போடணுமா சார்?" சௌபர்ணிகா ஆச்சி பக்கம் திரும்பினார். "கூட வர்றவங்க யாரு?"

"மாரீஸ்வரி, ஸ்கூல் டீச்சர், என் மேல உசுரு. செம்மலை, மின்வாரியத்துல இருந்தவரு. என் பையைக்கூட என்னைத் தூக்க விடமாட்டாரு. அவருதான் நாலையும் வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் சத்தியமூர்த்தி."

மூன்றாவது பெயருக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. சௌபர்ணிகா காத்திருந்தார்.

"கூடப் பொறந்த தம்பி. எங்க பக்கம் அக்காவை ஆச்சிம்போம், அப்படிக் கூப்பிட்டுக்கிட்டே என் பின்னால சுத்துனவன்," என்றார் ஆச்சி. "கீழச்சிவல்பட்டி பூர்வீக வீட்டை ஓட்டலுக்கு விடணும்னான். நான் முடியாதுன்னேன். ஆறு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. கரையில நான் இங்குட்டு நின்னா அவன் அங்குட்டுக் கடைசியில நிப்பான். அவனா இருக்காது. என் மூஞ்சியப் பாக்கவே பிடிக்காது அவனுக்கு."

படியிறங்கி ஆச்சி போனதும் வெங்கட்ராமன் கிசுகிசுத்தார். "செம்மலைதான். பையைத் தூக்குறாரு, பைனாகுலர் மாத்துறாரு. அவர் மனசுல ஏதோ இருக்கு."

"இருக்கலாம்," என்று சௌபர்ணிகா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆச்சியோடு இவர்கள் இருவரும் வேட்டங்குடிக்குப் போனார்கள். கண்மாய் நிறையத் தண்ணீர். கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. செம்மலை எல்லோருக்கும் முந்திக்கொண்டு டீ ஊற்றினார். கண்ணாடி போடாதவர், பைனாகுலரை எடுத்தால் இறக்குவதே இல்லை. மாரீஸ்வரியும் கண்ணாடி போடவில்லை. அவர் தன் பைனாகுலரை வெங்கட்ராமனிடமே நீட்டினார். "பாருங்க சார், இந்த விலைக்கு ரொம்ப நல்லா இருக்குல்ல?" நன்றாகத்தான் இருந்தது.

கரையின் கடைசியில் சத்தியமூர்த்தி தனியாக நின்றார். ஒல்லியான மனிதர். சௌபர்ணிகாவும் வெங்கட்ராமனும் உலாத்துவதுபோல அங்கே போனார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு பைனாகுலரைத் தூக்கினார். கண்ணாடியின் வலது வில்லை இடதைவிடத் தடிமனாக இருந்தது.

"அந்த மொட்டை மரத்துல என்னங்க உக்காந்திருக்கு?" என்று கேட்டார் சௌபர்ணிகா.

"பாம்புத்தாராங்க. ரெண்டு இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு," என்றார் சத்தியமூர்த்தி. சொல்லிவிட்டுச் சட்டென்று இடது கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல, ஒண்ணுதான்."

வெங்கட்ராமன் உற்றுப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று பறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சௌபர்ணிகா நன்றி சொல்லித் திரும்பினார். பாதி தூரம் வந்ததும்தான் வெங்கட்ராமனுக்கு உறைத்தது. எதுவும் பறக்கவே இல்லையே!

ஆச்சி பெஞ்சில் காத்திருந்தார். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

"உங்க தம்பிதான் ஆச்சி," என்றார் சௌபர்ணிகா மெதுவாக.

"இருக்காது."

"உங்க கைக்கு வந்தப்ப வலது கண்ணு மங்கலா இருந்துச்சுன்னீங்க. அந்த வளையத்தை வலது கண்ணுல பவர் வித்தியாசம் உள்ள ஒருத்தர் தனக்கு ஏத்தமாதிரி திருகி வச்சிருந்தார். மத்த ரெண்டு பேரும் கண்ணாடியே போடல. உங்க தம்பியோட கண்ணாடியில வலது வில்லை மட்டும் தடிமன். இப்ப அவரு ஒரு பறவையை ரெண்டுன்னு சொன்னாரு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா. குழல் கோணினா அப்படித்தான் தெரியும். ஒரு கண்ணை மூடினதும் ஒண்ணுன்னு திருத்திக்கிட்டாரு. அந்தத் தலைவலிப் பைனாகுலர் அவர்கிட்ட இருக்கு."

ஆச்சியின் விரல்கள் உறையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டன. "எனக்குத் தலைவலின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? இவுக ரெண்டு பேரும் அவன்கிட்ட என் பேச்சை எடுக்கவே மாட்டாக. நானும் வாய்விட்டுச் சொன்னதில்ல."

"நானும் அதைத்தான் யோசிச்சேன். அவரு நிக்கிற இடத்துலருந்து பாத்தா நீங்க ஒரு புள்ளியாத்தான் தெரியிறீங்க. பைனாகுலரை இறக்கும்போதெல்லாம் நீங்க நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தது அவருக்குத் தெரியணும்னா..." சௌபர்ணிகா கரையின் கடைசியைப் பார்த்தார். "பைனாகுலரைப் பறவைங்க பக்கமா மட்டும் அவரு திருப்பியிருக்க முடியாது ஆச்சி."

வெங்கட்ராமன் வேறு பக்கம் பார்த்தார்.

ஆச்சி எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கரை நெடுகக் கடைசி வரை நடந்தார். இவர்கள் டீக் குவளையோடு பாதி தூரம் வந்து நின்றுகொண்டார்கள். காலைக் காற்று அக்கா தம்பி குரலைக் கொண்டு வந்தது.

"ஏன்டா சொல்லல?"

"குடுத்தா வாங்கியிருப்பீகளா ஆச்சி?"

ஆச்சி அவர் கையிலிருந்த பைனாகுலரைப் பிடுங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டார். நல்ல பைனாகுலரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். சத்தியமூர்த்தி தலை குனிந்து நின்றார். கண்ணைத் துடைக்கிறார் என்பது இங்கிருந்தே தெரிந்தது. ஆச்சியின் கை அவர் முதுகில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு இருவரும் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்கள்.

"அந்தா, சின்னக் கொக்கு," என்றார் தம்பி.

"அலகு மஞ்சளா இருக்கு பாரு. உண்ணிக்கொக்கு."

"அலகு கருப்பு, ஆச்சி. நல்லாப் பாருங்க."

"நான் காலேஜ்ல பாடம் நடத்தினவ. எனக்குச் சொல்லித் தாரியா?"

"நீங்க நடத்தினது செடி கொடி!"

குரல்கள் ஏறின. மரத்திலிருந்த நாரைகள் இரண்டு எழுந்து பறந்தன. வெங்கட்ராமன் பதறிப்போய் சௌபர்ணிகாவின் பக்கம் திரும்பினார்.

"ஐயையோ, மறுபடி சண்டையை ஆரம்பிச்சுட்டாங்களே!"

சௌபர்ணிகா கையிலிருந்த ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தார்.

"போடட்டும் சார்," என்றார். "ஆறு வருஷமா அதுக்குக்கூட வழியில்லாம இருந்தாங்க."