மஞ்சள் கோட்டு

விசிலை அவள் உதட்டில் வைப்பதற்குள் பதில் போய்விட்டது.

குட்டியாக இரண்டு ஊதல். அவள் ஊத வேண்டிய அதே இரண்டு. முன்னால், மரங்களுக்கு நடுவே பாதை வளையும் இடத்துக்கு அப்பாலிருந்து, அவள் கணவர் நீளமாக ஒன்று ஊதிக் கேட்டிருந்தார், கடைசி ஆள் வந்துகொண்டிருக்கிறாளா என்று. வந்துகொண்டிருக்கிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடைசி ஆளான அவளோ விசிலைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

எந்தப் பக்கமிருந்து வந்தது? அதை மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் இடது காது போனதிலிருந்து அவளுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது. வீட்டில் போன் அடித்தால் சமையலறை, மாடி, குளியலறை என்று ஓடித் தேடுவாள். "அம்மா, அது உன் பையிலதான் அடிக்குது!" என்று மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தக் குழந்தை எங்கே போனாலும் அம்மாவின் வலது பக்கமாகத்தான் நடக்கும், அந்தப் பக்கம் பேசினால்தான் பதில் கிடைக்கும் என்று அதற்குத் தெரியும்.

கணவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். விடுமுறை நாட்களில் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம் போவது அவருக்கு ஒரு பித்து. காடு, ஏரி, பழைய மாளிகை, ஏற்றம் இறக்கம் கிடையாது, குழந்தை குட்டியோடு வரலாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைப்பார். முன்னால் அவர் போவார். பின்னால் தொப்பி வைத்த மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் வர வேண்டும். விசிலுக்கு விசில் பதில் வந்தால் கூட்டம் நடக்கும், வராவிட்டால் நிற்கும். அவ்வளவுதான் சட்டம்.

வழக்கமாகக் கடைசியில் வருவது நர்ஸக்கா. இன்று காலை அந்த அக்கா கோட்டையும் விசிலையும் கொண்டுவந்து இவள் கையில் திணித்துவிட்டாள்.

"முன்னாடி எவ்வளவு தூரம் வேணாலும் நடக்கறேன்மா. இந்த வழியில கடைசியா மட்டும் என்னால வர முடியாது."

"ஏங்க்கா, முட்டி வலியா?"

"முட்டின்னே வச்சுக்கோயேன்."

பக்கத்தில் நின்ற பேங்க்காரர் சும்மா இருப்பாரா? "கடைசியா வர்றதுக்கு என்னங்க பயம்? பாம்பு வந்தா முதல்ல மாஸ்டரைத்தானே கடிக்கும்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸக்கா மட்டும் கூட்டத்தின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

குழந்தை அப்பாவோடு முன்னால் போகத் துடித்தது. அவள் குனிந்து அதன் ஷூ நாடாவை முடிந்துவிட்டுச் சொன்னாள்: "கால் வலிச்சா ஓரமா உக்காந்துக்கோ. எல்லாரும் போனப்புறம் மஞ்சக் கோட்டு வரும். அது அம்மா. வந்து கையைப் பிடிச்சுக்கோ, என்ன?"

"உனக்குப் பின்னாடி யாரும்மா வருவாங்க?"

"பின்னாடி யாரு வரப்போறா? நாமதான் கடைசி."

இப்போது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மரங்களின் உச்சியில் விழுந்த மழை கிளை கிளையாக இறங்கிக் கீழே வருவதற்குள் பெரிய பெரிய சொட்டாகி, கோட்டின் தொப்பியில் டப் டப்பென்று விழ, அந்தச் சத்தத்துக்கு நடுவே தன் காலடியில் நசுங்கும் ஈர இலைகளின் சத்தத்தையும், தன் மூச்சையும், எங்கோ ஏரித் தண்ணீர் கரையைத் தட்டும் சத்தத்தையும் அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டே நடந்தாள். யாராவது குறும்புக்காரப் பயல் விளையாடியிருப்பான், இல்லாவிட்டால் ஏரியில் பட்டு எதிரொலித்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஊதாத விசில் எப்படி எதிரொலிக்கும்?

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அவருடைய நீண்ட விசில் வந்தது. இந்தத் தடவை அவள் தயாராகப் பல்லிடுக்கில் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்படியும் முந்திக்கொண்டது. குட்டியாக இரண்டு. முன்னைவிடப் பக்கத்தில்.

"யாருங்க அது? விளையாடறீங்களா?" என்றாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் பாதை காலியாக இருந்தது, மரங்கள் நெருங்கி நின்று வெளிச்சத்தை மறைத்த இடம்வரை. அதற்கு அப்பால் தெரியவில்லை.

அவள் நடையை எட்டிப் போட்டாள். எட்டிப் போட்டும் கூட்டத்தை எட்ட முடியவில்லை, ஏனென்றால் பதில் சீக்கிரம் சீக்கிரமாகப் போகப் போக அவர் எங்கேயும் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார். பேச்சுச் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் இல்லாமலே போனது. இப்போது இன்னொருவர் காலடி நன்றாகவே கேட்டது. அவள் நின்றால் இன்னொரு காலடி கழித்து நின்றது. அவள் ஓடினால் அதுவும் ஓடியது. சதக், சதக் என்று, ஷூ நிறையத் தண்ணீர் கோத்துக்கொண்ட ஆள் ஓடுவது மாதிரி. கூடவே ஒரு வாடை வந்தது. வற்றிப்போன ஏரியின் அடிச்சேற்றைக் கிளறினால் வருமே, அது.

மாளிகை வந்தது. கூரை போய்விட்ட முகப்பும், வரிசையாகத் தூண்களும், வௌவால் நாற்றமும். பாதை அந்தத் தூண்களை ஒட்டியே போயிற்று. அவளுக்கு அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. வருவது யாராக இருந்தாலும் இருக்கட்டும், ஒதுங்கி வழி விட்டுவிட்டால் போகிறது. அவசரக்காரன் முன்னால் போகட்டுமே. மஞ்சள் கோட்டு இருட்டிலும் பளிச்சென்று தெரியும் என்பதால் அதைக் கழற்றி, பாதையோரக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் புகுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சதக். சதக்.

தூணுக்கு நேராக வந்து நின்றது. வாடை தொண்டைக்குள் இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்தாள். துணி சரசரத்தது. எதையோ உதறினார்கள். பிறகு காலடிகள் நகர்ந்தன. தேய்ந்தன. போயே போய்விட்டன.

அப்பாடா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தூணில் சாய்ந்து நின்று நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டாள். இவ்வளவுதானே, இதற்கா இத்தனை பயந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கோட்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

சுவரில் கோட்டு இல்லை.

ஈரம் மட்டும் இருந்தது. சேறு கலந்த ஈரம், ஐந்து விரல் பதிந்த மாதிரி.

முன்னால் போயிருக்கிறது. அவள்தான் வழிவிட்டாள். முன்னால் கூட்டம் இருக்கிறது. கூட்டத்துக்கும் பின்னால், கால் வலித்து, ஓரமாக, மஞ்சள் கோட்டுக்காக...

ஐயோ.

ஓடினாள். கிளைகள் முகத்தில் அறைந்தன. ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை. காடு முடிந்து ஏரிக்கரை வந்தது. அந்த இடத்தில் தண்ணீர் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு உள்ளே நுழைந்திருந்தது, பாதை அதைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போக வேண்டும். எதிர்க்கரையில் ஒரு கல் பெஞ்சு. பெஞ்சில் மகள்.

தனியாக. காலை ஆட்டிக்கொண்டு.

மஞ்சள் கோட்டு மகளை நெருங்கியிருந்தது. தொப்பியை முன்னால் இழுத்து விட்டிருந்தது. அவசரமே இல்லாமல் நடந்தது.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குழந்தை பெஞ்சிலிருந்து குதித்தது. ஓடியது. கையைக் கொடுத்தது.

"ஏம்மா கை இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

தண்ணீர்மேல் அந்தச் சின்னக் குரல் தெளிவாக வந்தது. பதில் என்னவோ சொன்னார்கள், அது கேட்கவில்லை. குழந்தை சிரித்தது. அப்போதுதான் பார்த்தாள். குழந்தை கோட்டின் இடது பக்கமாக நடந்துகொண்டிருந்தது. ஒருநாளும் நடக்காத பக்கம்.

"ஐ! அம்மா, இந்தக் காதும் கேக்குதா உனக்கு இப்ப?"

தொப்பி ஆம் என்று ஆடியது.

எங்கோ முன்னால், பாதை முடியும் கேட்டுப் பக்கம், கணவருடைய விசில். நீளமாக ஒன்று. கடைசி ஆள் வந்துவிட்டாளா?

அவள் விசிலை வாயில் திணித்தாள். உயிரையெல்லாம் கூட்டி ஊதினாள். குட்டியாக இரண்டு. இந்தத் தடவை அவள்தான் முந்தினாள். பதில் வந்துவிட்டதால் அவர் நிற்க மாட்டார். ஆனால் சத்தம் கேட்டுக் குழந்தை திரும்பிப் பார்க்கும். ஒருமுறை பார்த்தால் போதும்.

குழந்தை நின்றது. திரும்பியது. எதிர்க்கரையில், மரநிழலில், கோட்டில்லாமல், தலை கலைந்து, ஒற்றைச் செருப்போடு நின்ற உருவத்தைப் பார்த்தது. அதன் முகம் மாறியது.

"அம்மா... நமக்குப் பின்னாடி யாரோ வர்றாங்க."

மஞ்சள் கோட்டு திரும்பவில்லை. குழந்தையின் பக்கமாகக் குனிந்தது. இப்போது அவளுக்கும் அந்தக் குரல் கேட்டது. அது அவளுடைய குரல். காலையில் ஷூ நாடாவை முடிந்துவிட்டபோது இருந்த அதே குரல்.

"பின்னாடி யாரு வரப்போறா? நாமதான் கடைசி."

"கண்ணு!" என்று அவள் கத்தினாள்.

குழந்தை பயந்துபோய் அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தது.