குப்பை வண்டியின் சுருதி

அம்மன் பிறந்தநாள் விருந்துக்கு ஊரைக் கூப்பிடப் போய், பாதி ஊரைப் பயந்து கதவடைக்க வைத்த பெருமை லாயையே சேரும்.

கோயில் குழுத் தலைவி விருந்து அறிவிப்பைப் போனில் பேசி அனுப்பியிருந்தார். லாய் அதைத் தன் துணி அலமாரிக்குள், ரஜாய்ப் போர்வை தொங்கவிட்டு அமைத்த 'ஒலிப்பதிவுக் கூடத்தில்' கணினிக்குள் ஏற்றி, பின்னால் கொஞ்சம் மேளம் சேர்த்து, வியாழக்கிழமை காலையில் ஒலிபெருக்கியில் விட்டான். குரல் தலைவியுடையதுதான். ஆனால் செத்து மூன்று நாளானவர் பேசுவதுபோல இழுத்து, தாழ்ந்து, அவசரமே இல்லாமல், "எல்லோரும்... வாருங்கள்" என்றது. மீன்கஞ்சிக் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். தலைவி தன் குரலைத் தானே கேட்டு ஊதுபத்தி கொளுத்தச் சொன்னார்.

முப்பத்தொன்பது வயதில் ஒருவன் இப்படியா என்று யாரும் கேட்பதற்கு முன் லாய் தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் ஊக்கம் தருவதாக இல்லை.

அவனுடைய முதலாளி ஜுவோ பெய்-ஷான் திட்டவில்லை. இருபது வருடம் நாடகக் குழுக்களுக்கு மைக்கும் ஒலிப்பெட்டியும் பழுது பார்த்தவர். இப்போது தைனான் நகரில் காணாமல் போனவர்களைத் தேடித் தருகிறார். என்ன நடந்ததென்று அவர் நிதானமாகச் சொன்னார். சத்தத்தைக் கணினி வினாடிக்கு இத்தனை துண்டு என்று நறுக்கித்தான் வைத்துக்கொள்ளும். தலைவியின் போன் நாற்பத்தெட்டாயிரம் துண்டு போட்டது. லாயின் மென்பொருளோ நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் என்று நினைத்துப் பரிமாறியது. துண்டு மிஞ்சினால் பேச்சு நீளும், சுருதி இறங்கும். கோப்பைச் சேர்க்கும்போது, 'அளவை மாற்றட்டுமா' என்று திரை ஒரு கேள்வி கேட்டிருக்கும்.

"கேட்டுச்சு அக்கா. வேணாம்னு தட்டிட்டேன்."

"ஏன்?"

"கேள்வி புரியல. புரியாத கேள்விக்கு வேணாம்னு சொல்றதுதானே பாதுகாப்பு."

அன்று மதியம் ஃபூ தெ-காய் வந்தார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தாழ்ந்த குரல். மனைவி யுன்-ஸி ஞாயிறு இரவு வீட்டைவிட்டுப் போனவள் திரும்பவில்லை என்றார். குழந்தைகளுக்குக் கதை படித்துப் பதிவுசெய்து இணையத்தில் போடுவது அவள் வேலை. போலீசுக்குப் போகவில்லை, குடும்ப விஷயம். நேற்று மாலை, யுன்-ஸியின் அம்மாவுக்கு அவள் போனிலிருந்து ஒரு குரல்செய்தி வந்திருக்கிறது. அம்மா அதைக் கேட்டு நிம்மதியாக அழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாராம். ஃபூ மட்டும் நம்பவில்லை.

செய்தியை மேஜையில் வைத்து ஓடவிட்டார். இனிமையான, தெளிந்த பெண்குரல்: "இன்னைக்குப் புதன்கிழமை. நான் நல்லா இருக்கேன். என்னைத் தேட வேண்டாம். கொஞ்ச நாள் தனியா இருக்கணும்." பின்னணியில், ஜன்னலுக்கு வெளியே கேட்பதுபோல, குப்பை வண்டியின் பாட்டு.

"குரல் அவளோடதுதான்," என்றார் ஃபூ. "ஆனா அவ பேசினது இல்ல. யாரோ செஞ்சிருக்காங்க. சத்தியம் பண்ணுவேன்."

எப்படித் தெரியும் என்று ஜுவோ கேட்டார். புருஷனுக்குத் தெரியாதா என்றார் ஃபூ. ஒலிப்பதிவு பற்றி ஏதாவது தெரியுமா என்றதற்கு, மனைவியின் மைக்கை எப்படிப் போடுவதென்றுகூடத் தெரியாது என்றார்.

"உங்க வீட்ல குப்பை யார் கொண்டு போடுறது?"

ஃபூவின் முகம் சுருங்கியது. "அவதான். வண்டி எப்ப வரும், எப்ப போகும்னு எனக்கு எதுக்குங்க?"

சந்தேகப்பட ஒரே ஒருத்தி இருப்பதாக அவரே சொன்னார்: கதைகளை எழுதித் தரும் தோழி லீ-சியூ. அவள் குடியிருக்கும் கட்டடத்துக் காவலாளி இவரை மேலே விடவில்லையாம். கிளம்பும்போது லாயைத் தனியாகக் கதவோரம் இழுத்து, மனைவி இருக்கும் இடம் தெரிந்தால் முதலில் தனக்கு அனுப்பும்படிச் சொன்னார். லாய் தலையாட்டினான். அழுத கண்ணோடு கேட்டிருந்தால் இன்னும் வேகமாக ஆட்டியிருப்பான்; அவர் அழவில்லை.

அலமாரிக்குள் நுழைந்து, செய்தியைக் கணினியில் ஏற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டான். இந்த முறை திரை கேட்ட கேள்விக்கு மரியாதையாக 'ஆமாம்' என்று தட்டினான். குரலின் அலைகள் திரையில் சின்னச் சின்ன மலைகளாக நின்றன. மலைகளுக்கு நடுவே வண்டிப் பாட்டு மட்டும் மெல்லிய கோடாக ஓடியது. ஏதோ குறைந்தது. நாலாவது தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது. நான்கு வாக்கியத்திலும் அந்தப் பெண் ஒருமுறைகூட மூச்சு விடவில்லை.

"அக்கா, யுன்-ஸி உயிரோட இருக்காங்களா?"

"ஆறு மணிக்கு வண்டி வரும். குப்பையை எடுத்துட்டு வா," என்றார் ஜுவோ.

நேரான பதில் என்பது அவரிடம் விலைக்குக்கூடக் கிடைக்காது.

வண்டி வந்தது. தெருவே பைகளோடு திரண்டு நின்றது. ஒரு கையில் நாறும் பையும் மறுகையில் காதோடு ஒட்டிய போனுமாக லாய் நடுவில் நின்றான். வண்டியின் பாட்டு ஒரு காதில். செய்தியில் இருந்த அதே பாட்டு மறுகாதில். இரண்டும் சேரவில்லை. போனில் இருந்தது சுருதியில் ஒன்றரைப் படி கீழே, தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல வந்தது. காலையில் கோயிலில் கேட்ட அதே செத்த இழுப்பு.

"பாட்டு இறங்கியிருக்கு அக்கா. ஆனா குரல் இறங்கல."

"அப்போ?"

"ரெண்டும் ஒரே மைக்ல பதிவானது இல்ல. குரல் மென்பொருளுக்குள்ளயே பதிவானது. பாட்டைப் போன்ல பிடிச்சு, அப்புறமா சேர்த்திருக்காங்க. சேர்த்தவங்களும் அந்தக் கேள்விக்கு வேணாம்னு தட்டியிருக்காங்க." கொஞ்சம் பெருமையாக இருந்தது. தன் இனத்தவர் ஒருவரைக் கண்டுபிடித்த பெருமை.

ஜுவோ பக்கத்தில் நின்ற சலவைக்கடை அம்மாளிடம், நேற்று குப்பை போட்டீர்களா என்று விசாரித்தார்.

"நேத்தா? புதன்கிழமை என்னைக்குடி வண்டி வந்துச்சு? உனக்கு மறை கழண்டு போச்சா?"

லாய் பையைக் கீழே போட்டான். புதனும் ஞாயிறும் வண்டி கிடையாது. அந்த இரண்டு நாளும் அவன் சமையலறை நாறுவது ஊருக்கே தெரியும். இருந்தும் தோன்றவில்லை. மூக்குக்குத் தெரிந்தது மூளைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை லீ-சியூவின் கட்டடத்துக்குப் போனார்கள். பதினாலாவது மாடி. கீழே காவலாளியிடம் ஜுவோ ஒரு துண்டுச்சீட்டு எழுதி மேலே அனுப்பினார். பத்து நிமிடம் கழித்து வரச் சொன்னார்கள். இதற்குள் ஃபூவிடமிருந்து லாய்க்கு ஏழு செய்திகள். ஏழிலும் ஒரே கேள்வி: எங்கே இருக்கிறாள்? எட்டாவது வந்ததும் லாய் பதில் அடிக்கத் தொடங்கினான். லிஃப்ட் கதவு மூடும்போது ஜுவோ அவன் கையிலிருந்து போனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, இந்த லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்றார்.

லீ-சியூ ஒல்லியான பெண். பல நாள் தூங்காத கண். அறையின் மூலையில் கதவுள்ள பெரிய ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்று நின்றது. உள்ளே ஆள் நின்று பாடலாம், வெளியே ஒரு சத்தமும் கேட்காது. லாயின் பார்வை அந்தக் கதவைவிட்டு நகரவில்லை.

ஜுவோ உட்கார்ந்து, தேநீர் வாங்கிக்கொண்டு, இந்தக் கட்டடத்தில் குப்பையை என்ன செய்வீர்கள் என்றார்.

"தாழ்வாரக் கடைசியில ஒரு ரூம் இருக்கு. வச்சுட்டு வந்துடுவோம். ஏன்?"

"வண்டி என்னைக்கு வராதுன்னு தெரியாத ஒருத்தர்தான் புதன்கிழமைச் செய்தியில அந்தப் பாட்டைச் சேர்த்திருக்க முடியும். ஊருக்கு ஊர் கிழமை மாறலாம். ஆனா உங்க வண்டி சுருதியும் இறங்கியிருந்துச்சு. யுன்-ஸி பழைய கதைகள்ல சொன்ன வார்த்தைகளை வெட்டி ஒட்டினீங்க. வெட்டு தெரியக்கூடாதுன்னு மூச்சையெல்லாம் எடுத்தீங்க. மூச்சு போனதும் குரல் பொணம் மாதிரி ஆயிடுச்சு. அதை மறைக்கத் தெருச் சத்தம்."

லாய்க்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோழியே தோழியை முடித்து, அவள் குரலை வைத்து ஊரை ஏமாற்றுகிறாள். எழுந்து நின்றுவிட்டான்.

"அந்தப் பெட்டியைத் திறங்க. அவங்க உயிரோட இருக்காங்களா?"

"உட்காரு லாய்," என்றார் ஜுவோ. "இன்னும் ஒரு விஷயம் இருக்கு. இந்தச் செய்தியை அவங்க அம்மா நம்பினாங்க. பெத்தவ காதையே ஏமாத்தின வேலை. நீ நாலு தடவை ஹெட்போன்ல கேட்ட பிறகுதான் மூச்சைக் கவனிச்சே. குப்பை வண்டிக் கிழமை தெரியாத, மைக்கைப் போடத் தெரியாத ஒரு மனுஷன், கேட்டதும் இது அவ பேசினது இல்லன்னு சத்தியம் பண்றார். எதை வச்சு?"

லாய் உட்கார்ந்தான்.

"காது கண்டுபிடிக்கல. அவருக்கு முன்னாடியே தெரியும், அவளால இப்போ பேச முடியாதுன்னு. நம்மகிட்ட வந்து எப்படி இருக்காளோன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? எங்கே, எங்கேன்னுதான் கேட்டார்."

லீ-சியூ கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: ஞாயிறு இரவே ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள்; ஃபூ நெருங்கக்கூடாதென்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு மனு போட்டிருக்கிறார்கள்; இன்று மாலை கைக்கு வரும். அதுவரை அவர் தேடாமல் இருக்கவும், அம்மா பயப்படாமல் இருக்கவும்தான் அந்தச் செய்தி. வெட்டி ஒட்டும் வேலையெல்லாம் எப்போதும் யுன்-ஸி செய்வது. தனக்குக் கதை எழுத மட்டும்தான் தெரியும்.

பெட்டியின் கதவு உள்ளிருந்து திறந்தது.

சத்தம் வராத ஒரே இடம் என்று அதற்குள்தான் அவள் நான்கு நாளாகத் தூங்கியிருக்கிறாள். மெலிந்த உருவம், கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. துணிக்கு மேலே, தாடைக்குக் கீழே, நான்கு விரல்களின் நீலம். லீ-சியூ பதறி எழுந்து, பேசாதே, டாக்டர் சொன்னாரில்லையா என்று தடுத்தாள்.

ஜுவோவின் பையில் லாயின் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அதில் அவன் அடித்து வைத்த பாதிப் பதில், மாடி எண்ணோடு, அப்படியே இருக்கிறது என்பது லாய்க்கு நினைவுக்கு வந்தது.

அவன் ஜுவோவிடம் கேட்கவில்லை. கேட்டுப் பிரயோசனமில்லை என்று தெரியும். பெட்டி வாசலில் நின்றவளிடமே, முடிந்தவரை மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த உங்க புருஷன்தான் இதைச் செஞ்சாரா?"

யுன்-ஸி மூச்சை இழுத்தாள். அது அறை முழுக்கக் கேட்டது. பிறகு, மணலில் எதையோ இழுப்பதுபோன்ற குரலில், வலியோடு, தெளிவாகச் சொன்னாள்.

"ஆமாம்."