நாற்பது காசு நிமிடம்

புதுக்கரைக்கு ரயில் இல்லை என்று நிமிடமானி மூன்றாவது முறையாகச் சொன்ன காலையில், நிலோபர் தன் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தரையில் போட்டு உடைத்தாள். கை தவறி விழுந்துவிட்டது என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாநகரப் பயண வாரியத்தில் அவள் நிதிப் பகுப்பாய்வாளர். எந்தப் பக்கம் ரயில் விட்டால் போட்ட பணத்துக்கு எவ்வளவு பலன் என்று கணக்கிட்டு அறிக்கை எழுதும் வேலை; பன்னிரண்டு வருடமாக எழுதுகிறாள். பலனை அளப்பது நிமிடமானி என்ற இயந்திரம். நகரத்தில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் தோலுக்கடியில் அரிசியளவு சில்லு ஒன்று உண்டு. அதன் வழியாக அவரவர் சம்பளத்தைப் பார்த்து, அவருடைய ஒரு நிமிடம் என்ன விலை என்று நிமிடமானி தினமும் நிர்ணயிக்கும். புதிய பாதையால் மிச்சமாகும் நிமிடங்களை அந்த விலையால் பெருக்கி, எல்லோருக்குமாகக் கூட்டினால் பலன். செலவைவிடப் பலன் பெரிதாக இருந்தால் ரயில் வரும்.

ஒரு காலத்தில் அரசியல்வாதிகள் தங்கள் நிலம் இருக்கும் பக்கமாகப் பாதையை வளைத்துக்கொண்டார்கள். அதை ஒழிக்கத்தான் இயக்குநர் வெங்கடரமணி 'கை படாத் தீர்ப்பு' என்ற விதியைக் கொண்டுவந்தார். நிமிடமானி சொன்னதை எந்த மனிதரும் மாற்ற முடியாது. அந்த விதிக்காக அவருக்கு விருதுகூடக் கொடுத்தார்கள்.

புதுக்கரை, ஆற்றோரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை வாரியமே கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அங்கிருந்து அறுபதாயிரம் பேர் தினமும் நகரத்துக்குள் வேலைக்கு வருகிறார்கள். ரயில் வந்தால் ஒவ்வொருவருக்கும் எழுபது நிமிடம் மிச்சம். ஆக நாற்பத்திரண்டு லட்சம் நிமிடங்கள். ஆனால் அவர்களின் நிமிடம் நாற்பது காசு. பெருக்கினால் பதினாறு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்தான் வந்தது. நிதிநகர் அலுவலகங்களுக்கு வந்துபோகும் உயர்சம்பளக்காரர்கள் ஒன்பதாயிரம் பேர். அங்கே ஏற்கெனவே ரயில் இருந்தது. விரைவுப் பாதை போட்டால் ஆளுக்கு ஆறு நிமிடம் மிச்சம். அவர்களின் நிமிடம் இருநூற்றுப் பத்து ரூபாய். பெருக்கினால் ஒரு கோடியைத் தாண்டியது.

அறிக்கையின் கடைசி வரியைத்தான் நிலோபரால் தாங்க முடியவில்லை. 'புதுக்கரைவாசிகளின் நிமிட மதிப்பு சென்ற ஆண்டைவிடக் குறைந்துள்ளது. எனவே வருங்காலத்திலும் இத்திட்டம் பரிந்துரைக்கத்தக்கதல்ல.' ஏன் குறைந்தது என்று அவள் தோண்டிப் பார்த்தாள். பேருந்து தாமதமானதால் அவர்களுக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டிருந்தது. சம்பளம் குறைந்ததால் நிமிடத்தின் விலை இறங்கியது. விலை இறங்கியதால் ரயில் இல்லை. ரயில் இல்லாததால் அடுத்த வருடமும் தாமதமாகத்தான் வருவார்கள்.

கோப்பைச் சில்லுகளைக் கூட்ட வந்தவள் குணவதி. அந்த மாடியைத் துப்புரவு செய்பவள், புதுக்கரைக்காரி.

"மேடம், இந்தத் தடவையாவது வந்துருமா?"

போன மாதம் "கட்டாயம் வரும்க்கா" என்று சொல்லியிருந்தது நிலோபர்தான். இப்போது திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். குணவதி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகப் படித்தாள்.

"நாப்பது காசுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"உங்க ஒரு நிமிஷத்தோட விலைக்கா."

குணவதியின் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"என் வீட்டுக்காரரு நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாருன்னு போன் வந்தப்போ நான் இங்கதான் கக்கூஸ் கழுவிட்டிருந்தேன். ஓடிப்போய் பஸ் ஏறினேன். ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தப்போ உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நீங்க என்னா போடுவீங்க? நாப்பத்தெட்டு ரூபாயா?"

வாயால் போட்ட கணக்கு சரியாக இருந்தது. மாடியில் யாரும் நிமிரவில்லை. நிலோபருக்குக் காது மடல்கள் எரிந்தன. நேராக இயக்குநரின் அறைக்குப் போனாள்.

வெங்கடரமணி பொறுமையாகக் கேட்டார். அவர் எப்போதும் பொறுமையாகத்தான் கேட்பார்.

"கணக்குல தப்பு இருக்கா?"

"கணக்கு சரி சார். கணக்குப் போடற விதமே அக்கிரமம். அவங்க லேட்டா வர்றதுக்குக் காரணமே நாமதான். அந்த லேட்டையே அவங்க தலையில கட்டி, உனக்கு ரயில் கிடையாதுங்கறோம்."

"நிலோபர், மிஷினுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது, பாசமும் கிடையாது. அதனாலதான் ஊர் நம்மள நம்புது. நாளைக்கு உங்க கோபத்துக்காக ஒரு லைனை மாத்தினா, நாளன்னைக்கு ஒரு மந்திரி தன் மச்சானுக்காக மாத்துவான். போய் நிதிநகர் அறிக்கையை முடிங்க. சாயங்காலம் கெடு."

நிலோபர் இருக்கைக்குத் திரும்பினாள். நிதிநகர் விரைவுப் பாதையின் அறிக்கையைத் திறந்தாள். எந்தத் திட்டத்துக்கும் செலவு குறைந்த மாற்று வழி ஒன்றையாவது எழுத வேண்டும் என்பது விதி. 'கூடுதல் பேருந்துகள்' என்று ஒப்புக்கு எழுதி அனுப்புவதுதான் வழக்கம். அன்று அவள் வேறு எழுதினாள்.

'நிமிட மதிப்பு இருநூறு ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் மாதக் கடைசி வரை பயணமே செய்யாமல், அலுவலகத்திலேயே தங்கிவிடலாம். ஒவ்வொரு கட்டடத்திலும் இரண்டு மாடிகளில் துயில்பெட்டிகள் அமைத்தால் போதும். செலவு, பாதைச் செலவில் தொண்ணூறில் ஒரு பங்கு. மிச்சமாவது ஆறு நிமிடமல்ல. போக வர ஆகும் எழுபது நிமிடமும் மிச்சம். வீட்டில் செலவாகும் நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்பதால், வீட்டுக்குப் போகாததால் ஏற்படும் இழப்பு: பூஜ்யம்.'

எல்லாம் நிமிடமானியின் விதிகளின்படியே இருந்தது. இதைப் பெரிய எழுத்தில் திரையில் பார்த்தால் வாரியத்துக்கு வெட்கம் வரும், விதியை மாற்றுவார்கள் என்பதுதான் அவள் எண்ணம். நிமிடமானிக்கு வெட்கம் கிடையாது என்பதை அந்த ஆத்திரத்தில் அவள் யோசிக்கவில்லை.

அனுப்பிய பதினோராவது வினாடியில் ஆணை வந்துவிட்டது. விரைவுப் பாதை ரத்து. மாற்று வழி ஏற்பு.

ஆறு வாரத்தில் துயில்பெட்டிகள் தயாராகிவிட்டன. நகரத்தில் சொந்த வண்டிகள் ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ரயிலும் பேருந்தும் ஓட்டுநரில்லாத தன்னோட்டி வண்டிகளும் வாரியத்தின் கையில்தான். அதனால் ஆணையை நடத்திவைக்கக் காவலர்கள் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை மாலை நிதிநகரில் ரயிலுக்கும் பேருந்துக்கும் பொதுவான நிலையங்களில் ஒன்பதாயிரம் பேர் மணிக்கட்டை நீட்டினார்கள். ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை. 'தங்கள் நேரம் விலைமதிப்பற்றது. மாதக் கடைசி நாளில் பயணம் செய்யலாம்' என்று இனிமையான குரல் ஒன்று சொன்னது. நடந்துபோகலாம் என்று கிளம்பியவர்களின் அடுத்த மாதச் சம்பளத்தில் வீணடித்த நிமிடங்களின் விலை பிடிக்கப்பட்டது. வேலையை விட்டால் நிமிடத்தின் விலை பூஜ்யமாகி, கதவு உடனே திறக்கும். ஆனால் ஒன்பதாயிரம் பேரில் அப்படித் திறந்துகொண்டு போனவர்கள் நான்கே பேர்.

வாரியத்தின் கட்டடமும் நிதிநகரில்தான் இருந்தது. வெங்கடரமணியின் நிமிடம் தொள்ளாயிரம் ரூபாய். நிலோபரின் நிமிடம் நூற்று நாற்பதுதான். முதல் மூன்று நாள் அவள் வழக்கம்போல வீட்டுக்குப் போனாள். நான்காம் நாள் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. வாரிய வரலாற்றிலேயே செலவுக்கு மிக அதிகப் பலன் தந்த திட்டம் அவள் எழுதியது. பாராட்டாகச் சம்பளம் கூட்டப்பட்டு, அவளுடைய நிமிட மதிப்பு இருநூற்று நான்கு ரூபாயாக உயர்ந்திருந்தது.

அன்று மாலை நிலையக் கதவு அவளுக்கும் திறக்கவில்லை. பின்னால் வந்த குணவதி மணிக்கட்டை நீட்டினாள். திறந்தது.

"என்ன மேடம், உங்களுக்குமா?" என்று திகைத்து நின்றாள் குணவதி. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அதற்குமேல் நிற்க முடியாமல் ஓடினாள்.

நிலோபரின் மகள் சுமையாவுக்கு நான்கு வயது. "உம்மா, நீ எப்ப வருவே?" என்று தினமும் ஏழு மணிக்குத் திரையில் கேட்டாள். இரண்டாம் வாரத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். திரைக்கு வரக் கூப்பிட்டாலும் வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதைப் பார்த்த நாளில் நிலோபர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். தன் மீதே வந்த கோபம் வாரியத்தின் மீதான கோபத்தைவிடக் கசந்தது.

பத்தொன்பதாம் நாள் மாலை உணவுக்கூடத்தில் வெங்கடரமணி அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு காகிதம்.

"விதித் திருத்தம். நானே எழுதினேன். பகுப்பாய்வாளர் ஒருத்தர், இயக்குநர் ஒருத்தர், ரெண்டு கையெழுத்து இருந்தா நிமிடமானி ஏத்துக்கும். அதோட தீர்ப்பைத்தான் நாம தொடக்கூடாது. விதியைத் தொடலாம்."

இந்த வழி இத்தனை நாளும் இருந்ததா என்று நிலோபர் கேட்கவில்லை. கேட்டால் கத்திவிடுவாள் என்று தெரிந்தது. காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

'வீட்டில், குடும்பத்தாரோடு கழியும் நிமிடத்தைச் சம்பளத்தால் அளக்க இயலாது. ஆகவே அதிகாரிகளின் அத்தகைய நிமிடத்துக்கு உயர்ந்தபட்ச மதிப்பு அளிக்கப்படும்.'

"என் மனைவி மாலதிக்கு மூட்டு ஆபரேஷன் ஆகிப் பத்து நாள் ஆச்சு," என்றார் அவர். "ஆஸ்பத்திரிக்குப் போக முடியல. இப்போ வீட்டுக்கு வந்துட்டா, யாரோ ஒரு நர்ஸ் பாத்துக்கறா. முப்பத்தாறு வருஷம் என்கூட இருந்தவ. அவ பக்கத்துல உக்காந்திருக்கற நிமிஷத்துக்கு விலை பூஜ்யம்னு ஒரு மிஷின் சொல்லுது. இது நியாயமா, நீங்களே சொல்லுங்க."

"நியாயம் இல்ல சார்," என்றாள் நிலோபர். உண்மையாகத்தான் சொன்னாள். பேனாவை எடுத்து 'அதிகாரிகளின்' என்ற சொல்லை அடித்து, அதன் மேல் 'எல்லா மனிதர்களின்' என்று எழுதினாள். 'உயர்ந்தபட்ச' என்பதையும் அடித்து 'ஒரே' என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் நெடுநேரம் படித்தார். இரண்டு வரிதான்.

"இதைப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"கதவு திறக்கும். நீங்க இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். நானும் போகலாம்."

"மிச்சமாகற நிமிஷம் வீட்ல கழியற நிமிஷம்தானே, அதுக்கு எல்லாருக்கும் ஒரே விலைன்னா புதுக்கரைக்கு ரயில் போகும். கூட்டம் எங்கேயோ அங்கேதான் ரயில்னு ஆயிடும். அப்போ இருபது வருஷமா நான் போட்ட லைன் அத்தனையும் தப்புன்னு நானே எழுதிக்கொடுத்த மாதிரி."

"ஆமா சார்."

"நிலோபர், அதிகாரிகள்னு மட்டும் இருக்கட்டும். மத்தது அப்புறம் பாத்துக்கலாம். நீங்களும் அதிகாரிதான். உங்க குழந்தை உங்களைப் பாத்து ஒளியுதுன்னு கேள்விப்பட்டேன்."

அவளுக்கு எழுந்து அந்தக் காகிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் வீச வேண்டும்போல இருந்தது. வீசவில்லை.

"குணவதிக்காவோட புருஷன் செத்தப்போ அவங்க பஸ்ல இருந்தாங்க சார். அந்த நேரத்தை நாப்பத்தெட்டு ரூபாய்னு போட்டது என் கையும் உங்க கையும்தான். மாலதி மேடம் பக்கத்துல நீங்க உக்கார்றதுக்கு ஒரு விலை, குணவதிக்கா அவங்க புருஷன் பக்கத்துல உக்கார்றதுக்கு ஒரு விலைன்னு எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன். என் பொண்ணு என் முகத்தையே மறந்தாலும் போடமாட்டேன்."

வெங்கடரமணி பேனாவைத் திறந்தார். அதன் முனை காகிதத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. உணவுக்கூடத்தில் கரண்டிச் சத்தம் ஓய்ந்து, எல்லோரும் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கைபேசி அதிர்ந்தது. திரையில் மாலதியின் பெயர். அவர் அதைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் துவைத்துவந்த தலையணையுறை ஒன்றை அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு, தன் துயில்பெட்டிக்குள் ஏறித் துணித்திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.