வலப்பக்கம் ஒதுங்கியவள்

“இடது பக்கம் வர்றேங்க!”

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்ததும் லொரெட்டா பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வலப்பக்கம் ஒதுங்கினாள். இந்த ஆற்றோரப் பாதையில் அதுதான் வழக்கம். முந்துகிறவர் குரல் கொடுப்பார். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்குவார். ஆனால் யாரும் அவளைக் கடந்து போகவில்லை.

அதை யோசிக்க அவளுக்குப் பொறுமையில்லை. கல்யாண நாளும் அதுவுமாக, சேர்ந்தே போகலாம் என்று கூட்டி வந்த கணவன் டுவைட் வழக்கம்போல முன்னால் பறந்துவிட்டான். பஞ்சர் ஒட்டும் சாமான், சாண்ட்விச், கார் சாவி எல்லாம் அவன் பையில். இன்றைக்காவது தனக்காக நிற்பான் என்று நம்பிய தன்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் நிலக்கரி ரயில் போன தடம் என்பதால் பாதை மேடுபள்ளமின்றி, பெரிய வளைவின்றி நீண்டுகொண்டே போனது. வலப்பக்கச் சரிவுக்குக் கீழே அலெகெனி ஆறு பழுப்பாக ஓடியது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும், ஈரமான மேப்பிள் இலை வாசனைக்கு அடியிலிருந்து கரிப்புகை நெடி மெல்ல மேலே வந்தது.

“இடது பக்கம் வர்றேங்க!” இப்போது ஆண்குரல். ஒதுங்கினாள். டயர் சத்தமே இல்லை. பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

“போறதுன்னா போய்த் தொலைங்களேன்!” என்று கத்தினாள். திரும்பிப் பார்க்க மட்டும் கழுத்து வரவில்லை.

செல்போன் அடித்தது.

“எங்கடி இருக்க? நத்தையெல்லாம் உன்னை முந்திட்டுப் போயிருச்சு!” டுவைட்தான்.

“வாயை மூடு. டயர் பஞ்சர். நீ பாட்டுக்குப் போயிட்ட, நான் எக்கேடு கெட்டா உனக்கென்ன?”

“சரி சரி, கத்தாத. பழைய தண்ணித்தொட்டிகிட்டயே நிக்கிறேன், வா.” அவன் குரல் சற்றே விலகியது. “இரு, பின்னாடி யாரோ வழி கேக்குறாங்க. ஒதுங்கிக்கிறேன். அட, நிறைய பேரு வர்றாங்க போல...”

“ஒதுங்காத! டுவைட்!”

தொடர்பு அறுந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். கோபம் எங்கோ போய்விட்டது. அவன் இருந்தால் போதும் என்றிருந்தது.

தண்ணீர்த்தொட்டி வந்தது. அவன் இல்லை. பாதையின் வலது ஓரத்தில் அவன் சைக்கிள் ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. அதற்கு அப்பால் சேற்றில் அவன் காலடிகள். எல்லாம் பக்கவாட்டில் வைத்தவை. மரியாதையாக, ஒவ்வோர் அடியாக ஒதுங்கி ஒதுங்கி, சரிவிறங்கி ஆற்றுக்குள் போயிருந்தன.

காலுக்கடியில் பாதையின் தார், ரயில் வருவதுபோல் அதிர்ந்தது.

கரிநெடி. மூச்சுகள். ஒன்றல்ல. நிறைய.

“இடது பக்கம் வர்றோம், லொரெட்டா.”

டுவைட்டின் குரல். முதுகுக்கு மிக அருகில். கூப்பிட்ட விதத்தில் அன்பு இருந்தது.

நின்றிருந்த அவன் சைக்கிளின் ஹேண்டிலை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அவளுடைய வலது கால், வாழ்நாளெல்லாம் பழகிய பழக்கத்தில், தானாக ஓரடி ஒதுங்கியது. சேறு குளிர்ந்தது.

இடது கால் பின்னாலேயே வந்தது.